கைப்பிடித் தையல்

காலையில் தண்ணீர் வரும் நேரம். ரப்பர் குழாயைப் பிடித்தபடி சந்தின் ஈரக்கல்லில் கால் வைத்தேன். வலது கால் முன்னால் வழுக்கிக்கொண்டே போயிற்று. டப் என்று ஒரு சத்தம். குழாய்தான் பிய்ந்துவிட்டதென்று திரும்பிப் பார்த்தேன். குழாய் நன்றாக இருந்தது. சத்தம் என் தொடைக்குள்ளிருந்து வந்திருந்தது.

வலித்த இடம் தொடையின் பின்பக்கம், நன்றாக மேலே. யாரிடம் காட்டுவது? சுளுக்கு என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நானே தைலம் தேய்த்தேன். முழங்கால் வரை கறுத்திருந்ததை மகள்தான் பார்த்தாள்.

"உம்மா, இதையா சுளுக்குன்னே? எந்திரி. சலோ, ஆஸ்பத்திரிக்கு."

தொடைத் தசையை உட்காரும் எலும்போடு பிடித்து வைத்திருக்கும் நார் பிய்ந்து கீழே இறங்கிவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷனில் எலும்பில் சிறு ஆணிகளை இறக்கி, அவற்றில் கோத்த நூலால் நாரை இழுத்துக் கட்டினார்கள். தையல் பிடிக்கும் வரை காலை நீட்டியபடி முன்னால் குனியவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

தாராவியில் எங்கள் வீடு கீழே, கணவரின் பை தைக்கும் பட்டறை மேலே. அவருக்கு எல்லாம் உடனே புரிந்துவிட்டது.

"நம்ம பைக்குக் கைப்பிடி வைக்க மாதிரிதான். ரிவிட் அடிச்சுத் தச்சிருக்காங்க."

"ஏங்க, கைப்பிடி பிஞ்சு பை திரும்பி வாறதில்லையா?"

"நம்ம பட்டறைப் பையா? யார்ட்ட பேசுதேன்னு பாத்துப் பேசு."

சிரித்தார். ஆனால் திரும்பி வந்த பைகளின் தையலைப் பிரித்துக் கொடுத்தவள் நான். கைப்பிடி நடுவில் அறுந்து நான் பார்த்ததில்லை. தைத்த இடத்தில்தான் விடும்.

கட்டிலில் குப்புறக் கிடந்தேன். மேலே தைப்பவர்கள் நைலான் நூலைக் கத்தரிப்பதில்லை. விரலில் சுற்றி வெடுக்கென்று இழுத்து அறுப்பார்கள். ஏணி இறங்கும் ஓட்டை வழியாக அது கேட்கும். டப். ஒவ்வொரு முறையும் என் கை தொடைக்குப் போகும். யாரிடமும் சொல்லவில்லை. வேலை நடக்கும் இடத்தில் என்னவென்று சொல்வது?

பிறகு நாற்காலியில் தொழுதேன். அது கூடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கோ நின்று ருகூவுக்குக் குனிய வேண்டும். முழங்கால் மடங்காமல் குனிவது. அதைத்தான் கூடாது என்றிருந்தார்கள்.

காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒருநாள், இனி மெதுவாகக் குனியலாம் என்றாள். அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பாய் விரித்தேன். கைகளை முழங்காலில் வைத்துக் குனிந்தபோது பின்னால் ஏதோ இழுத்தது. அதே நொடியில், டப்.

மேலேயா, உள்ளேயா?

குனிந்தபடியே நின்றேன். வலி வருமென்று காத்திருந்தேன். மேலே இன்னொரு நூல் அறுந்தது. அது மேலேதான். முதல் சத்தத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. மெல்ல நிமிர்ந்தேன். கால் தாங்கியது.

"என்ன உம்மா, ருகூலயே நின்னுட்டே?" என்றாள் மகள், நான் தொழுது முடித்ததும்.

"நிதானமாத் தொழணும்ல," என்றேன்.

தையல் நன்றாகப் பிடித்துவிட்டது என்கிறார் டாக்டர். தண்ணீர் பிடிக்கிறேன், ஏணி ஏறுகிறேன். ஆனால் ஒவ்வொரு ருகூவிலும் காது தொடைக்குள்தான் இருக்கிறது. பட்டறைக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் இன்னும் மோசம். மேலே யாரும் இல்லை என்று தெரியும். அன்று கேட்டால், அது என்னுடையதுதான்.