வீடு விற்க ஒரு பாய்ப்படகு

பெரியண்ணா கனடாவிலிருந்து வரும்போதெல்லாம் ஏதாவதொரு பெருமையும் கூடவே வரும். அந்த முறை அது பாய்ப்படகு. காலித் துறைமுகத்தில் பழைய யொட் ஒன்றை ஒரு நாளுக்கு வாடகைக்குப் பிடித்திருந்தார். "எல்லாருமாச் சேர்ந்து சந்தோசமாப் போட்டு வருவம்" என்றார். லண்டனிலிருந்து வந்திருந்த சின்னண்ணா வழக்கம்போலத் தலையாட்டினார். பெரியண்ணாவோடு வந்த அண்ணி வெள்ளைத் தொப்பி வாங்கினா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா படுக்கையில் கிடந்தபோது இவர்களில் ஒருவருக்கும் லீவு கிடைக்கவில்லை.

படகின் பாயில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. சமையலறை என்று காட்டிய பொந்துக்குள் டீசல் மணம். ஓட்டியவர் நல்ல மனுசன், ஆனால் சிங்களம் மட்டுந்தான் தெரியும். அண்ணாமார் இருவரும் அதை மறந்து வருடக்கணக்கு. ஆகவே மொழிபெயர்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

கரை மறைய முன்னமே பெரியண்ணா தொடங்கிவிட்டார். கொழும்பிலுள்ள எங்கள் வெள்ளவத்தை வீட்டை வாங்கி இடித்து மாடிவீடு கட்ட ஆள் வந்திருக்கிறதாம். மூன்று பேர் பெயரிலும் இருப்பதால் மூவரும் கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

"தனி ஆளுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய வீடு? கல்யாணமும் கட்டேல்லை."

நான் எழுந்து போய்விட முடியாத இடமாகப் பார்த்துத்தான் இந்த உல்லாசப் பயணம்! நான் பிறந்த வீடு. அம்மாவைக் கழுவித் துடைத்து, கடைசியில் தூக்கிக் கொடுத்த வீடு. எனக்குப் போக வேறிடம் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

"நான் கையெழுத்து வைக்க மாட்டன்" என்றேன்.

அவர் மேலே பேச வாயெடுக்க, அலை தூக்கிப் போட்டது. முதலில் தொப்பி போனது, பிறகு அண்ணி வாந்தியெடுத்தா. அடுத்தது பெரியண்ணா. கம்பியைக் கட்டிப்பிடித்தபடி, "திருப்பச் சொல்லு" என்று முனகினார்.

"ஹரவமுத, நங்கி?" படகுக்காரரும் அதையேதான் கேட்டார், திருப்பட்டுமா தங்கச்சி என்று.

"தவ டிக்கக் யமு, அய்யே" என்றேன். இன்னும் கொஞ்சம் போவோம், அண்ணை.

பெரியண்ணாவிடம், "காத்து மாறினாப் பிறகுதான் திருப்பலாமாம்" என்றேன். துளியும் இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

சிறிது நேரத்தில் அவர் அழுகிற குரலில் சொன்னார்: "வீட்டை நீயே வைச்சிரு. என்னைக் கரையிலை விடு."

சின்னண்ணாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருந்தது. பிறகுதான் திருப்பச் சொன்னேன்.

கரையில் ஒரு தம்பிலி இளநீர் குடித்ததும் பெரியண்ணாவுக்கு உயிர் வந்தது. "கடலிலை சொன்னதெல்லாம் எடுபடாது. திங்கட்கிழமை லோயரிட்டைப் போவம்" என்றார். சின்னண்ணா தலையாட்டினார்.

அவர்கள் சாப்பிட உட்கார, நான் ரயிலேறினேன். வீட்டுக்கு வந்ததும், அங்கே தங்கியிருந்த அவர்கள் மூவருடைய பெட்டிகளையும் இழுத்துக் கொண்டுபோய்க் கேற்றுக்கு வெளியே வைத்துவிட்டுப் பூட்டினேன்.

பொழுதுபட அவர்களுடைய வாடகை வான் வந்து நின்றது. பெரியண்ணா கேற்றைத் தட்டினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும்வரை கத்தினார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. அம்மா இருந்திருந்தால் ஓடிப்போய்த் திறந்திருப்பா. அவருக்குத்தான் திறந்திருப்பா, நான் எவ்வளவு மறித்தாலும்.