மச்சான் வீட்டு ஆறு ஆடுகளும் தனலட்சுமியின் மரமும்

மேச்சேரிப் பக்கம் ஒரு பட்டியில் செம்மறி ஆட்டுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. "சார், தனம் போயிட்டாளுங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு," என்றார் தனலட்சுமியின் கணவர். ஆட்டை விட்டுவிட்டு அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.

கூட வேலை பார்த்த உங்களுக்கு தனலட்சுமியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி அலுவலகங்களுக்கு, எந்த உதிரிபாகம் எந்த லாரியில் இருக்கிறது என்று காட்டும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர். எங்கள் நாமக்கல் ஆய்வுக்கூடத்துக்கு வந்த பிறகு, ஆடுகளின் மரபணு அடையாளங்களை ஒப்பிட்டு, எது எதற்கு நெருங்கிய சொந்தம், எது எங்கே பிரிந்தது என்று மரமாக வரைந்து காட்டும் மென்பொருளை எழுதினார். வெளிநாட்டுக்காரர்கள் எழுதியது இருக்கும்போது இது எதற்கு என்று முணுமுணுத்தவர்களில் நான் முதல் ஆள். "அதுல நமக்குத் தோதா எதையும் மாத்த முடியாதுங்க சார். இது நம்ம பட்டிக்குன்னே எழுதறது," என்றார்.

முதல் மரம் வந்த அன்று சண்டையும் வந்தது. கலப்பே இல்லாத மேச்சேரி இனச் செம்மறி மந்தை என்று நான் அடித்துச் சொல்லி ரத்தம் எடுத்து வந்த பட்டியில், ஆறு ஆடுகள் மட்டும் வேறு கிளையில் போய் உட்கார்ந்திருந்தன. நான்கு நாளில் ஆய்வுக் குழுவின் கூட்டம். மரம் தவறு என்று ஆகிவிட்டால் அவருடைய மூன்று வருட உழைப்பைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

"உங்க சாஃப்ட்வேர்லதான் தப்பு. அந்த ஆறையும் எடுத்துட்டு மரத்தைப் போடுங்க," என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"அடையாளத்தக் கலைச்சுக் கலைச்சு ஆயிரம் தடவ ஓட்டிப் பாத்துட்டேனுங்க. கெளை நவுர மாட்டேங்குது. வாங்க, அந்த ஊட்டுக்கே போலாம்," என்றார் அவர், நிதானமாக.

போனோம். பட்டிக்காரர் குப்புசாமியிடம் தனலட்சுமி ஆறு ஆடுகளின் காது எண்களைக் காட்டி, "இதெல்லாம் எங்கீங்க பொறந்துது?" என்று கேட்டார்.

"அதுங்களா? ஆத்தூர்ல என்ர மச்சான் ஊட்டு ஆடுங்க. அங்க மேய்ச்சல் இல்லீன்னு வாரத்துக்கு உட்டிருக்காரு. குட்டியில பாதி அவருக்கு, பாதி எனக்கு."

"எல்லாம் உங்க ஆடான்னு கேட்டேனே, ஆமான்னு சொன்னீங்களே?" என்றேன்.

குப்புசாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மச்சான் ஆட்டை எப்படிங்க நம்முளுது இல்லீன்னு சொல்றது?"

நிறத்தில் மேச்சேரியேதான், உள்ளே கலப்பு. நானும் ஆத்தூர்க்காரன். "ஏனுங்க சார், உங்கூரு ஆட்டை உங்களுக்கே அடையாளந் தெரியலீங்களா?" என்று கேட்டுவிட்டு தனலட்சுமி ஜீப்பில் ஓமலூர் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கூட்டத்தில் அந்த ஆறு ஆடுகளையும் எடுக்காமலே மரத்தைக் காட்டினார். கண்ணால் பிரிக்க முடியாத கலப்பை மென்பொருள் பிரித்துவிட்டது என்றதும் குழுத் தலைவர் எழுந்து திரைக்கு அருகில் வந்து பார்த்தார். அன்றே ஒப்புதல் கிடைத்தது. இப்போது கோழிக்கும் மரவள்ளிக்கும்கூட அதில்தான் மரம் போடுகிறார்கள். எங்கள் திருச்செங்கோட்டு ரிக் அலுவலகத்து அம்மா ஜெயித்துவிட்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் கூட்டத்திலேயே குழுவில் ஒருவர், "இந்த ஆடுகளை மேச்சேரின்னு எழுதிக்கிட்டு வந்தது யாரு?" என்று கேட்டார். பதவி உயர்வுக்கு என் பெயர் போயிருந்த சமயம். கோப்பைப் புரட்டுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாங்க எல்லாருந்தானுங்க. பொறந்த ஊரக் கேக்காம உட்டுட்டோம்," என்றார், ரத்தம் எடுக்க ஒருநாளும் வராத தனலட்சுமி.

அவர் கொடுத்ததில் என்னிடம் இருப்பது அந்த 'எல்லாரும்'தான். அதற்குள் இத்தனை வருடம் சுகமாக ஒளிந்திருந்தேன். இன்று அவரை அறிந்த உங்கள் முன்னால் வெளியே வருகிறேன். பிறந்த ஊரைக் கேட்காமல் விட்டவன் நான் ஒருவன்தான். அவருடைய மரம் முதல் நாளே சரியாக இருந்தது.