மூடிகள் திறக்கும் நேரம்

மகளின் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவத் திறந்தபோது, பாண் துண்டும் வாழைப்பழமும் சேர்ந்து புழுங்கிய மணம் எழுந்து, கல்முனையில் கடற்கரைப் பக்கமாக இருந்த, இன்று ஒரு சுவர்கூட மிஞ்சாத அந்தச் சின்ன லூத்தரன் பள்ளிக்கூடத்துக்கு என்னை இழுத்துப் போனது. பெஸ்டல் கலர்க்குச்சியால் கிறுக்கிய சுவர்கள், காற்றில் ஓயாமல் அடித்துக்கொள்ளும் ஜன்னல், பத்து மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாயில் வட்டமாக உட்காரும் நாங்கள். டீச்சர் கண்மூடி ஜெபம் சொல்வார். அவர் செய்வதெல்லாம் எனக்கு அழகாகத் தெரிந்ததால் நானும் கைகளைக் கோத்துக் கண்மூடிப் பழகி, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த வாப்பாவின் முன்னால், சோற்றைப் பார்த்து 'ஆமென்' என்றுவிட்டேன்.

திங்கட்கிழமை வாப்பாவும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். என்னை நிற்பாட்டிவிடுவார் என்ற பயத்தில் பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தேன்.

வாப்பா சொன்னதைக் கேட்டு, “ஓம், பிழை என்னிலதான்,” என்றார் டீச்சர். “இனி இவ பிஸ்மி சொல்லட்டும், நாங்க ஜெபம் சொல்றம். எல்லாரும் முடிச்ச பொறகுதான் மூடி திறக்கிற.”

“அப்ப சரி டீச்சர்,” என்று வாப்பா என்னை விட்டுவிட்டுப் போனார்.

பிஸ்மி ஒரு மூச்சில் முடிந்துவிடும், ஜெபம் நீளம். பசியோடு காத்திருக்கும் எங்களைப் பார்த்தோ என்னவோ, டீச்சரின் ஜெபம் நாளாக நாளாகச் சுருங்கி, என் பிஸ்மியின் அளவுக்கே வந்து நின்றது.

இன்றும் பிஸ்மி சொன்னபின் என் கை சோற்றில் படாமல் ஒரு கணம் நிற்கிறது.

“ஆரைப் பாத்துக்கிட்டிருக்கீங்க உம்மா?” என்கிறாள் மகள்.

டீச்சர் முடிக்கட்டும்.