குண்டானைக் கவிழ்த்துப் புத்தர் கோயில் கட்டிய எங்கள் அக்கா

எங்களில் மூத்தவரான அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். ஆனால் அவர் புத்தர் கோயில் கட்டிய கதையை அரைகுறையாகக் கேட்டவர்களே அதிகம். அதை முழுதாகச் சொல்வது தம்பியாகிய என் கடமை.

அக்கா பிறந்தது கொழிஞ்சாம்பாறைக்கு அருகே, நிலக்கடலை விளையும் எங்கள் தோட்டத்து வீட்டில். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. கோவிந்தாபுரத்தில் கட்டட ஒப்பந்தக்காரராக இருந்த மச்சானுக்கு வாழ்க்கைப்பட்டார். மச்சானுக்கு எழுத்து வேலை ஆகாது. அதனால் வரைபடம் பார்ப்பதும் செங்கல்லுக்குச் சொல்லி அனுப்புவதும் அக்காவின் பொறுப்பாயின.

எழுபதுகளின் நடுவில், தேயிலைத் தோட்டத்து மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பௌத்தத்தைத் தழுவினார். ஊருக்கு வெளியே தம் நிலத்தில் ஒரு விகாரம், அதாவது புத்தர் கோயில், கட்டித் தரும்படி மச்சானிடம் கேட்டார். வைகாசிப் பௌர்ணமிக்குள் முடிக்க வேண்டும். மச்சான் ஒப்புக்கொண்டார். அஸ்திவாரம் தோண்டிய அதே வாரம், புளி உலுக்க மரமேறி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார்.

வேலையை வேறு யாருக்காவது விட்டுவிடும்படி அப்பா சொன்னார். அக்கா கேட்கவில்லை. "வாக்குக் குடுத்தது எங்க ஊடுங்கப்பா. நானே போறேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மேஸ்திரி அதுவரை வீடுகளும் அரிசி மில்லும்தான் கட்டியிருந்தார். வரைபடத்தில் இருந்த பாதி உருண்டையைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"இதென்னங்க அம்மிணி, ஒண்ணும் புடிபடலீங்களே?"

அக்கா வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும் குண்டானை எடுத்து வந்து மணலில் கவிழ்த்தார். "இதானுங்க கோயில்."

மேஸ்திரி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "உள்ள என்னங்க பண்ணுவாங்க?"

"கண்ணை மூடிச் சும்மா உக்காந்திருப்பாங்க."

"சும்மா உக்கார்றதுக்கா இத்தனை செங்கல்லு?"

குண்டான் மணலிலேயே இருந்ததால் அன்று மச்சானுக்கு மதியமும் பழைய சோறுதான்.

உருண்டைக் கூரை எழும்பியதும் ஊர்ப் பெண்கள் குடத்தோடு வரிசையாக வந்து நின்றார்கள். "ஏனுங்கக்கா, டேங்குல எப்பத் தண்ணி உடுவீங்க?" என்றார்கள். இது டேங்கு இல்லை, கோயில் என்று அக்கா சொன்னதும் அவர்கள் முகம் விழுந்துவிட்டது. "கோயிலுக்கு இங்க என்னங்க பஞ்சம்? தண்ணிக்குத்தான் பஞ்சம்" என்று ஒருத்தி சொன்னாள். அக்கா நேரே பெரியவரிடம் போனார். "புத்தர் சும்மா உக்காந்துக்குவாருங்க. சனம் தாகத்தோட உக்காருமுங்களா?" என்றார். கட்டட வேலைக்காக வெட்டிய கிணற்றிலிருந்து மதிலுக்கு வெளியே குழாய் வந்தது. ஆனால் டேங்குக் கோயில் என்ற பெயரை மட்டும் அக்காவால் கடைசிவரை மாற்ற முடியவில்லை.

கூரையைத் தாங்கிய முட்டுகளைப் பிரிக்கும் நாள்தான் பெரிய சோதனை. முந்திய வாரம் விடாமல் மழை. சாந்து இறுகியிருக்குமா என்று மேஸ்திரிக்குச் சந்தேகம். ஆட்கள் எல்லோரும் உள்ளே போக மறுத்தார்கள். பௌர்ணமிக்கோ ஆறே நாள்.

அக்கா ஒரு முக்காலியைக் கொண்டுபோய்க் கூரைக்குக் கீழே நடுவில் போட்டு உட்கார்ந்தார். மடியில் முறத்தை வைத்து அவரைக்காய் நறுக்கத் தொடங்கினார். "உழுந்தா எம்மேல உழுவட்டும். நடுவுல இருந்து பிரிச்சுட்டு வாங்க" என்றார். மேஸ்திரி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முதலில் நுழைந்தார். வெட்கப்பட்டு மற்றவர்களும் பின்னால் போனார்கள். கடைசி முட்டு விழுந்தபோது நான் வெளியே கண்ணை மூடி நின்றேன். கூரை அசையவில்லை. அக்காவும் அசையவில்லை. எல்லோரும் அதைத் தைரியம் என்றார்கள். "கால் நடுங்குதுடா, எந்திரிக்க முடியல. கையைக் குடு" என்று அக்கா உள்ளே ஓடிய என் காதில் மட்டும் சொன்னார்.

திறப்பன்று வந்த, தமிழ் தெரியாத முதிய துறவி, கட்டியவர் யார் என்று கேட்டார். அக்கா கூச்சத்தோடு மச்சானைக் காட்டினார். ஊன்றுகோலோடு நின்ற மச்சான் பதறிப்போனார். "நானில்லீங்க சாமி! கோயில் கட்டுனது அவ. புளியமரத்துல இருந்து உழுந்ததுதான் நானுங்க!" பெரியவர் அதை மொழிபெயர்த்துச் சொல்ல, துறவி வாய்விட்டுச் சிரித்து அக்காவை ஆசீர்வதித்தார்.

அதன்பின் இடுக்கி மலைப்பக்கம் இன்னும் இரண்டு விகாரங்களை அக்காவே முன்னின்று கட்டினார். மச்சான் காலமானபின் பிள்ளைகளைக் கரைசேர்த்தார். கடைசி மூன்று மாதம் படுக்கையில் இருந்தபோதும் செவிலியிடம் கட்டிலின் ஒரு கால் குட்டை என்று சொல்லி, அளந்து காட்டச் செய்து, வென்றார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், இரவுபகல் பாராமல் உடனிருந்த மருமகளுக்கும், தொலைவிலிருந்து வந்து துக்கத்தில் பங்குகொண்ட அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. காரியத்தன்று வாசலில் போட்ட பந்தலின் வடக்குக் கால் கோணலாக நின்றது. மாலைவரை அதை யாரும் சொல்லவில்லை. அக்கா இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.