நாலாவது சீட்டு

எங்கள் ஊரான ஊரிகத்தின் சபையில் புதியவர்களை வரவேற்கும் குழுவுக்கு என்னைத் தலைவனாக்கினார் போதகர். முதல் ஞாயிறே வாசலில் ஒரு பெண் தயங்கி நின்றாள். மனப்பாடம் செய்த வரவேற்புரை மறந்துபோய், நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவள் திரும்பி நடந்தாள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு அக்கா எட்டிப் பார்த்தார். வாரமெல்லாம் பெங்களூர் ரயிலில் வேலைக்குப் போய்வந்து கண் சிவந்தவர்.

“இன்னாமா, எங்க போற? வா. தள்ளுங்கப்பா, நாலாவது சீட்டு! தலைவரே, கண்ணாடி தேஞ்சிடப் போவுது.”

ரயிலில் செய்வதுபோலவே மூன்று பேர் பெஞ்சில் அவளையும் நெருக்கி உட்காரவைத்தார். பிரசங்கம் தொடங்கியதும் வழக்கம்போல் தூங்கிப்போனார், அவள் தோளிலேயே சாய்ந்து. பாவம், அவள் அசையவில்லை. அடுத்த வாரமும் அதே பெஞ்சுக்கு வந்தாள்.

அக்காவின் அந்தத் தூக்கம் அசதியா, ஊழியமா? தலைவனுக்கு இன்னும் தெரியவில்லை.