மூன்றாம் நாள் வரும் அலை

ஹட்டன் பஜாரில் பேக்கரி வைத்திருப்பவர்களுக்கு யோகேஸ்வரனின் மோட்டார் சைக்கிள் சத்தம் இன்னும் மறக்கவில்லை. இருபத்தெட்டு வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்த மனிதர். அந்தச் சத்தம் வளைவில் கேட்டதுமே மாவு பிசைகிறவர்களின் தலையில் தொப்பி ஏறிவிடும், பூனை பின்வாசல் வழியாக வெளியேற்றப்படும். அவர் ஓய்வு பெற்று மூன்று வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் அவர் ஒரு கடையில் உட்கார்ந்தால் கிளாஸை அவர் கண் முன்னாலேயே இரண்டு தடவை கழுவித்தான் பிளேன்டீ ஊற்றுகிறார்கள்.

ஓய்வு பெற்ற முதல் மாதம் அவருக்குப் பரிசோதிக்கக் கிடைத்தது சொந்தச் சமையலறை மட்டும்தான். மிளகாய்த்தூள் டப்பாவில் திகதி எழுதவில்லை என்று ஒருநாள், துடைக்கிற துணி ஈரமாக இருக்கிறது என்று மறுநாள். மனைவி நாகலெட்சுமி நான்கு வாரம் பொறுத்தார்.

"இந்தாங்க, வெளியில ஏதாச்சும் ஒரு வேலையப் பாத்துக்குங்க. இல்லாட்டி நான் வேற வீடு பாத்துக்கிறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இருந்தாலும் யோகேஸ்வரன் அதை எழுத்து மூலமான எச்சரிக்கையாகவே எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம்தான் பழைய சக ஊழியர் ஒருவர் அவரை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். பழைய தமிழ்ச் சித்திரக் கதைப் புத்தகங்களைச் சேர்க்கிறவர்களின் குழு. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏலம். ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் கொழும்பில் மூன்று பேர் கொண்ட சபை பார்த்து, அதன் நிலைக்குப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடும். பிறகு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு, புள்ளி எழுதிய ஸ்டிக்கரால் வாயை ஒட்டிவிடும். வாங்கியவர் உறையைப் பிரித்துப் பார்க்கலாம். புள்ளிக்கும் புத்தகத்துக்கும் பொருத்தமில்லை என்றால் ஏழு நாளைக்குள் படத்தோடு முறைப்பாடு செய்யலாம். சபை ஏற்றுக்கொண்டால் விற்றவர் புத்தகத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த விதியை வாசித்தபோதுதான் யோகேஸ்வரனுக்குச் சித்திரக் கதைகள் மேல் காதல் வந்தது.

ரயில் நிலையத்துக்கு மேலே, சரிவில் இருந்தது அவருடைய வீடு. முன் அறையில், பெரிய ஜன்னலுக்குக் கீழே மேசையைப் போட்டார். நல்ல வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னலை அகலத் திறந்துவைத்தார். வெள்ளைக் கையுறை, பூதக்கண்ணாடி, மில்லிமீட்டர் அடிமட்டம், ஒரு டயரி. பார்சல் வந்தால் பரிசோதனை மூன்று நாள் நடக்கும். முதல் நாள் அட்டை, இரண்டாம் நாள் உள்பக்கங்கள், மூன்றாம் நாள் முதுகும் அதில் அடித்த கம்பிப் பின்னும். அதுவரை புத்தகம் மேசையிலேயே விரிந்து கிடக்கும்.

மூன்றாம் நாள் பூதக்கண்ணாடியை இறக்கிவைத்ததும் அவர் அலையைக் கண்டுபிடிப்பார். தாள்கள் நெளிந்து, அட்டை ஓரம் வளைந்திருக்கும். ஒன்பது புள்ளி என்று ஒட்டியிருக்கும் புத்தகத்தில் குளத்து நீர் மாதிரி அலை. படம் எடுத்து, பக்க எண் போட்டு, "மேற்படி குறைபாடு" என்று தொடங்கி அறிக்கை எழுதுவார். மூன்று வருடத்தில் பதினோரு முறைப்பாடு. அதில் ஒன்பது அவர் பக்கம் தீர்ந்தது. சபையின் தலைவர் கஜேந்திரன், ஹட்டனிலிருந்து படம் வந்திருக்கிறது என்றால் முதலில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டுதான் திறப்பாராம்.

இத்தனைக்கும் யோகேஸ்வரன் ஒரு கதையைக்கூட வாசித்ததில்லை. வாசித்தவர் நாகலெட்சுமி. திருப்பி அனுப்பப் பொதி கட்டும்போது வந்து நிற்பார்.

"கொஞ்சம் குடுங்க. அந்தக் கப்பல்காரன் தப்பிச்சானா இல்லையான்னு பாத்துட்டுத் தர்றேன்."

"கையுறை போடு."

"கையுறை போட்டுக்கிட்டு யாருங்க கதை படிப்பாங்க."

பன்னிரண்டாவது முறைப்பாட்டில்தான் எல்லாம் கோணலானது. 'தேள் தீவுக் கைதி' என்ற புத்தகம். விற்றவர் ஹம்சினி, கொழும்பில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்யும் பெண். ஒன்பது புள்ளி. வழக்கம்போல மூன்றாம் நாள் அலை, வழக்கம்போலப் புத்தகம் திரும்பிப் போனது. இரண்டு வாரம் கழித்து அதே புத்தகம் மறுபடி ஏலத்துக்கு வந்தது. பின்னட்டையில் இருந்த பேனாப் புள்ளியைக்கூட யோகேஸ்வரன் அடையாளம் கண்டார். சபை மறுபடியும் ஒன்பதே போட்டிருந்தது. படத்தில் புத்தகம் தட்டுப் போல மட்டமாக இருந்தது.

அவர் நான்கு பக்கத்துக்கு எழுதினார். "கூட்டுச் சதி" என்ற சொல் அதில் இரண்டு இடத்தில் வந்தது.

ஹம்சினி பதிலுக்கு நீளமாக எழுதவில்லை. தொலைபேசியில் அழைத்தாள்.

"ஐயா, நான் அந்தப் புத்தகத்துக்கு ஒண்ணுமே செய்யேல்ல. ரெண்டு நாள் என்ட ஏசி அறையில இருந்திச்சு, தானா மட்டமாகிட்டு. அடுத்த சனிக்கிழமை நானுஓயாவுக்கு ஒரு கல்யாணத்துக்கு வாறன். வழியில ஹட்டன்ல இறங்குறன். உங்கட மேசையிலேயே வச்சுப் பார்ப்பமா?"

"தாராளமா வாங்க மிஸ்" என்றார் யோகேஸ்வரன். பரிசோதனைக்கு அழைத்தால் மறுக்கிற மனிதரில்லை அவர்.

சனிக்கிழமை காலை அவள் வந்தாள். கையில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி. வெளியே மழை விட்டிருந்தது. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து 'தேள் தீவுக் கைதி'யை எடுத்து மேசையில் வைத்தாள். யோகேஸ்வரன் அடிமட்டத்தை நிறுத்திப் பார்த்தார். அட்டை ஓரம் மேசையோடு ஒட்டியிருந்தது. டயரியில் எழுதினார்: பத்து இருபது, மட்டம்.

பிறகு பேனாவை மூடாமல் யோசித்தார். "ஒன்ன மட்டும் வச்சுப் பாத்தா அது சோதனையில்ல மிஸ். இன்னொன்னு வேணும், வேற எடத்துல. இல்லாட்டி நாளைக்கு யாராச்சும் கேள்வி கேப்பாங்க."

பெட்டியில் இன்னொரு புத்தகமும் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"என் அலுமாரியில வைங்க" என்றார் நாகலெட்சுமி. புடவை அலுமாரியின் கதவைத் திறந்தார். அடித்தட்டில் ஒரு சின்ன பல்பு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. பூஞ்சணம் பிடிக்காமலிருக்க அதை இருபது வருடமாக அணைத்ததில்லை.

மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நாகலெட்சுமி பிளேன்டீயும் முறுக்கும் கொண்டுவந்தார். ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து, யாரையும் கேட்காமல் மேசையைக் கடந்து போனது. ஹம்சினி அலுவலகக் கதை சொன்னாள். யோகேஸ்வரன் காதில் எதுவும் ஏறவில்லை. பத்து ஐம்பதுக்கு அட்டையின் மூலை லேசாக எழும்பியது, தூக்கத்திலிருக்கிற ஆள் இமையைத் திறக்கிற மாதிரி. அடிமட்டம் வைத்தார். இரண்டு மில்லிமீட்டர். பதினொன்று இருபதுக்கு ஐந்து. பன்னிரண்டு மணிக்கு ஒன்பது. உள்பக்கங்களில் அவர் நன்றாக அறிந்த அதே நெளிவு தொடங்கியிருந்தது.

அவர் எழுந்து போய் அலுமாரியைத் திறந்து மற்றப் புத்தகத்தை எடுத்துவந்தார். இளஞ்சூடாக, பூச்சி உருண்டை வாசத்தோடு, மட்டமாக இருந்தது.

"ஜன்னலச் சாத்துங்கன்னு நான் சொல்லல?" என்றார் நாகலெட்சுமி மெதுவாக. "பொடவையே நெளிஞ்சு போற ஊரு. தாளு என்ன செய்யும்?"

"எப்ப சொன்ன?"

"மூணு வருஷமா. நீங்க பூதக்கண்ணாடியில இருந்தீங்க."

ஹம்சினி சிரிப்பை அடக்கக் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனாள். அது காலியாக இருந்தது.

யோகேஸ்வரன் டயரியின் பழைய பக்கங்களைப் புரட்டினார். ஒன்பது பெயர். ஈரமான களஞ்சியத்தில் மாவை வைத்ததற்காக எத்தனை பேக்கரிக்காரர்களுக்கு எச்சரிக்கை எழுதியிருக்கிறார். முகம் சிறுத்துப் போயிற்று. "மகள், ஒங்களையும் சதின்னு எழுதிட்டேன்" என்றார். மிஸ் என்பது எப்போது மகள் ஆனது என்று அவருக்கே தெரியவில்லை.

"பரவாயில்ல ஐயா. நாலு பக்கத்திலயும் ஒரு எழுத்துப்பிழை கூட இல்ல" என்றாள் அவள்.

அன்று மத்தியானம் அவளை ரயிலேற்றிவிட்டு வந்து ஒன்பது பேருக்கும் எழுதினார். "மேற்படி குறைபாடு எனது ஜன்னலால் ஏற்பட்டது" என்று தொடங்கும் கடிதம். ஐந்து பேர் பெருந்தன்மையாகப் பதில் போட்டார்கள். இருவர் போடவில்லை. மாத்தளைக்காரர் ஒருவர் குரல்பதிவில் மூன்று நிமிடம் திட்டினார். அதை நாகலெட்சுமி இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார்.

ஒன்பதாவது ஆள் ஜீவராஜ். கொத்மலையில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். முறைப்பாடு அவனுக்கு எதிராகத் தீர்ந்த அன்றே குழுவிலிருந்து விலகிவிட்டான். அவனுக்குக் கடிதம் போகவில்லை. ஆகவே புதன்கிழமை யோகேஸ்வரன் மோட்டார் சைக்கிளிலேயே போனார்.

வேனைக் கழுவிக்கொண்டிருந்த ஜீவராஜ் முழுவதையும் கேட்டான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"நீங்க சொல்றது சரிதாங்க ஐயா. ஆனா புஸ்தகம் இப்ப அப்படி இல்லீங்களே."

"ஏன், என்ன ஆச்சு?"

"நெளிவ எடுக்கலாம்னு இஸ்திரி போட்டேங்க."

உள்ளே போய் எடுத்துவந்தான். அட்டையில் குதிரைவீரனின் முகத்துக்கு நேராக, இஸ்திரிப்பெட்டியின் முனை பழுப்பாகப் பதிந்திருந்தது. குதிரை மட்டும் தப்பியிருந்தது. யோகேஸ்வரன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் கை பூதக்கண்ணாடியைத் தேடியது. அது வீட்டிலிருந்தது.

"இத நான் எடுத்துக்கிறேன். அன்னைக்கு ஏலத்துல போன அதே வெலைக்கு."

"இதுக்கு யாருங்க அவ்வளவு குடுப்பாங்க? மூணு புள்ளிகூடத் தேறாதே."

"ரெண்டு" என்றார் யோகேஸ்வரன். "முதுகும் விட்டுப்போயிருக்கு."

ஜீவராஜ் மறுத்தான், அவர் பிடிவாதம் பிடித்தார். கடைசியில் வேன் கழுவிய இரண்டு வாளிகளைக் கவிழ்த்து அவற்றின்மேல் உட்கார்ந்து இருவரும் ஒத்துக்கொண்டார்கள். பாதி விலை, ஜீவராஜ் குழுவில் மறுபடி சேர வேண்டும், அவனுடைய பெயருக்கு எதிரான முறைப்பாட்டை யோகேஸ்வரன் எழுத்தில் வாபஸ் பெற வேண்டும்.

வாபஸ் கடிதம் மூன்று பக்கம் வந்தது. கஜேந்திரன் அதற்கும் மாத்திரை போட்டுக்கொண்டாராம்.

மேசை இப்போது ஜன்னலை விட்டு நகர்ந்து அலுமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பரிசோதனை அரை மணி நேரத்தில் முடிகிறது. புத்தகங்களுக்காக நாகலெட்சுமி அலுமாரியில் ஒரு தட்டைக் காலிசெய்து கொடுத்தார். ஒரு நிபந்தனையோடு: எந்தப் புத்தகம் உள்ளே போவதானாலும் முதலில் அவர் வாசிப்பார், கையுறை இல்லாமல். போன வாரம் யோகேஸ்வரன் அவருக்குப் பின்னால் நின்று, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓரத்துல கறை இருக்கா பாக்குறீங்களா?" என்று கேட்டார் நாகலெட்சுமி, தலையைத் திருப்பாமல்.

"இல்ல. பக்கத்தத் திருப்பு, அவன் சுடுறானா இல்லையா?"