வண்டு தோற்ற பயறு

வெள்ளத்தாயின் பாசிப்பயறைக் கடித்த வண்டு ஒன்று, பல் விழுந்துபோய், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பல் டாக்டரைத் தேடி அலைந்தது. என் கண்ணால் பார்த்தேன். சரி, வண்டுக்கு ஏது பல், நான் பார்க்கவும் இல்லை. ஆனால் அந்தப் பயறிடம் வண்டு தோற்றது நிஜம்.

வெள்ளத்தாய்க்கு ஆலங்குளத்தில் இரண்டு ஏக்கர் மானாவாரி. ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் கூலிக்குக் களையெடுக்கப் போன இடத்தில் ஒரு கைப்பிடி பயறு கிடைத்தது. கறுத்து, சிறுத்த மணி. மூன்று வெள்ளாமையில் அதை ஆறு படியாக்கினாள். அந்த விதை வேறு யாரிடமும் இல்லை. போனால் போனதுதான்.

இந்த ஆடியில் டப்பாவைத் திறந்தால் பயறெல்லாம் வெள்ளைப் புள்ளியாக வண்டு முட்டை. எங்கள் பக்கத்தில் அதைக் கண்டதும் யாரும் யோசிப்பதில்லை. ஊறவைத்து மாட்டுக்கு வைத்துவிடுவார்கள். அவள் கணவன் சுப்புராஜ், மில்லிலிருந்து வந்த கையோடு வாளியை எடுத்தான்.

“விடுங்க அதை.”

“முட்டையா அப்பியிருக்கு. இன்னும் என்னத்தக் கொஞ்சிக்கிட்டு இருக்க?”

“முட்டை இருக்கு, ஓட்டை எங்க? டப்பாவ மூடி மூணு மாசமாச்சு. இந்நேரத்துக்குத் துளைச்சுக்கிட்டு வெளிய வந்திருக்கணும்ல?”

“அதுக நல்ல நாள் பாத்து வரும்போல. புரட்டாசி மழை வரைக்கும் பாரு. பொறவு பாக்கெட் விதைதான்.”

மறுநாள் ஒரு பொட்டலத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள். வேளாண்மை அலுவலர் சிவரஞ்சனி ஒரு பயறைப் பிளந்து லென்ஸில் பார்த்தாள். உள்ளே தூசி போல ஒரு புழு, செத்துக் கிடந்தது.

“சில பயறுல ஒரு புரதம் இருக்கும்க்கா. புழு தின்ன மாவைச் செரிக்க விடாது. வளராமலே செத்துரும். இதுவும் அப்படி இருக்கலாம். லேப்ல பாத்தாத்தான் உறுதியாச் சொல்லலாம்.”

“மனுசன் தின்னா?”

“வேக வச்சா அது அழிஞ்சுரும். நாம வேக வச்சுத்தானக்கா திங்கோம்.”

“அதுசரி. விதைக்குப் போக மிச்சத்த அவிச்சுத்தான் திங்கோம். எங்க வீட்டுக்காரருக்குச் செரிக்காதது என் பேச்சு ஒண்ணுதான்.”

லேப் முடிவு வரும்வரை வெள்ளத்தாய் சும்மா இருக்கவில்லை. ஒரு பாட்டிலில் கடைப் பயறு நூறு, இன்னொன்றில் தன் பயறு நூறு. இரண்டிலும் உயிருள்ள வண்டுகளை விட்டு, வாயைத் துணியால் கட்டி, சுப்புராஜ் சாப்பிட உட்காரும் இடத்துக்கு எதிரிலேயே வைத்தாள். நாற்பது நாளில் கடைப் பயறு சல்லடையாகி, பாட்டிலின் அடியில் மாவு படிந்துவிட்டது. இவள் பயறு அப்படியே கிடந்தது. முதல் மழைக்குச் சுப்புராஜே விதைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனான்.

‘நூறில் ஒன்றில்கூட ஓட்டை இல்லை’ என்று எழுதி, இதை வெள்ளத்தாயிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கையை நீட்டித் தாளை மறித்தாள்.

“ஏழுல ஓட்டை இருந்துச்சு ஆச்சி. அதையும் எழுதுங்க. விதை கேட்டு வாறவுக பொறவு என்னையத்தான் பொய்க்காரிம்பாக.”